வண்டி எந்திரிக்க மாட்டீங்குது

“வண்டி எந்திரிக்க மாட்டீங்குதுங்ண்ணா.”

ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் இதை எத்தனையாவது முறையாகச் சொன்னாள் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டிருந்தேன். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. திருப்பிக் கத்தியிருப்பேன், எனக்குக் கத்த நன்றாக வரும். அவள் வருத்தமாகச் சொன்னாள். அதற்கு என்னிடம் மருந்து கிடையாது.

கார்ட் என்பது தரைக்கு நாலு விரல் மேலே உட்கார்ந்து ஓட்டுகிற குட்டிப் பந்தய வண்டி. கூரை கிடையாது, கதவு கிடையாது, பெல்ட்டும் கிடையாது. ஓட்டுகிறவரின் விலாவை ஒட்டி எஞ்சின். அந்த எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுவதுதான் இருபது வருஷமாக எனக்குச் சோறு. கணபதி என்கிற பகுதியில் பட்டறை. வளைவிலிருந்து வெளியே வந்து ஆக்சிலேட்டரைக் கடைசி வரை மிதித்தால், நல்ல கார்ட் முதுகில் அறைந்தாற்போலப் பாயும். இது, இஷ்டமில்லாத கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாப்பிள்ளை மாதிரி யோசித்து யோசித்துக் கிளம்பியது.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. டீமில் இந்த சீசனுக்கு ஒரே சீட். ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை யார் வேகமாகச் சுற்றி வருகிறார்களோ அவருக்கு. தோற்றால் இன்னொருவருக்கு அடுத்த வருஷம் இருக்கிறது, இவளுக்கு இல்லை. சீட்டு கிடைக்கவில்லை என்றால் ஓட்டுவதையே நிறுத்திவிட வேண்டும் என்பது இவளுடைய அம்மா போட்ட கண்டிஷன். அந்த அம்மாவை யாரும் குறை சொல்ல முடியாது. அவருடைய மூத்த பிள்ளை ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கார்ட்டில்தான் செத்துப்போனான். அந்த எஞ்சினையும் பூட்டிக் கொடுத்தவன் நான்.

அந்த நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் தாங்காது. ட்ராக்கின் நீளமான நேர்ப்பாதை முடிகிற இடத்தில் ஒரு வளைவு. அதற்கு முன்னால் ஒரு வெள்ளைப் பலகை. பலகை வந்ததும் ஓட்டுகிறவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பார், எஞ்சின் சத்தம் இறங்கும். மெக்கானிக் பந்தயத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை, காதால்தான் பார்ப்பான். பையன் பலகையைத் தாண்டினான். சத்தம் இறங்கவில்லை. அவ்வளவுதான். பிரேக் பிடிக்கத் தவறிவிட்டான், ஓட்டியவர் தவறு என்று ட்ராக் ஆட்கள் ரிப்போர்ட் எழுதி முடித்தார்கள். எழுதும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பதை அதன் இடம் வரும்போது சொல்கிறேன்.

அதற்கப்புறம் சில சத்தங்கள் எனக்கு ஆகாமல் போயின. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால், எப்போது நிறுத்துவார்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் மனைவி நான் பட்டறைக்குக் கிளம்பிய பிறகுதான் சட்னி அரைக்கிறாள். ஆறு வருஷமாக எனக்குக் காலை இட்லிக்குப் பொடிதான்.

பையனின் காரியம் முடிந்து கொஞ்ச நாளில், டயர் மாட்டுகிற ஆள் ஒருவர் டீக்கடையில் வைத்துச் சொன்னார். “பையனோட அம்மா ஆனைமலைக்குப் போயி மொளகா அரைச்சுப்போட்டு வந்துட்டாங்களாமா.” எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அநியாயம் செய்தவன் யாரென்று தெரியாதபோது, அல்லது தெரிந்தும் கேட்க முடியாதபோது, மாசாணியம்மன் கோயிலில் வரமிளகாயை அரைத்து அங்கிருக்கும் கல்லில் பூசிவிட்டு வருவார்கள். நியாயம் கிடைத்த பிறகு மறுபடி போய் எண்ணெய் ஊற்றி அந்த எரிச்சலை ஆற்ற வேண்டும். யார் பேரைச் சொல்லி அரைத்தார் என்று டயர்க்காரருக்குத் தெரியவில்லை. எனக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? அந்த மாதமே என் வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. ஸ்பேனர் பிடிக்கிறவர்களுக்கு மணிக்கட்டில் நரம்பு நெருக்கும் என்றார் டாக்டர். அவர் படித்தவர், அப்படித்தான் சொல்வார்.

இந்த வருஷம் தை பிறந்ததும், ஒரு நாள் காலையில் அந்த அம்மா பட்டறை வாசலில் வந்து நின்றார். சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிற குடும்பம். கூடவே அந்தப் பெண். அண்ணன் போனபோது அவளுக்குப் பதிமூன்று வயது, இப்போது பத்தொன்பது.

“ஏனுங்க தம்பி, நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேனுங்க்கா.” இதைச் சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்த ஸ்பேனரை இரண்டு தடவை கீழே போட்டேன்.

“இவளும் ஓட்டோணுங்கறா. காலேஜ்ல சேந்ததுலருந்து எனக்குத் தெரியாமயே ஓட்டீட்டு இருந்திருக்கா. ஓட்டறதுன்னா எஞ்சின் உங்க கையிலதான் இருக்கோணும்னு சொல்லிப்போட்டேனுங்க. வேற ஆரு கையும் படக்கூடாது.”

முடியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். தண்டனை என்று ஒன்று வந்தால் இப்படித்தான் வரும் போலிருக்கிறது, ‘தம்பி’ போட்டுக்கொண்டு, நல்லா இருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டு. சரிங்க என்றேன்.

ஆக, அந்த ஒன்பது நாள். ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். எஞ்சினுக்குள் காற்றை விடுகிற ரீட் வால்வின் இதழ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கீறல்கூட இல்லை. சைலென்சர் மூட்டில் கசிவு இருக்குமோ என்று சோப்புத் தண்ணீர் தடவினேன். பிஸ்டன் ரிங் புதிது. கிளட்ச் வழுக்கவில்லை. செயின் இறுக்கமில்லை. பிரேக் உரசுகிறதா என்று பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றினால், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. செயின் ஓடுகிற பின் பல்சக்கரத்தில் இரண்டு பல் கூட்டினேன். வளைவில் கொஞ்சம் துள்ளியது, நேர்ப்பாதையில் பழைய குருடி கதவைத் திறடி.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? எங்கள் ஊரில் இரண்டு பேர் நின்று பேசினால் ஒருவர் மோட்டார் கம்பெனி வைத்திருப்பார், இன்னொருவர் வைத்து மூடியிருப்பார். ஆயில் ஜாஸ்தி என்றார் ஒருவர். பெட்ரோல் பழசு என்றார் இன்னொருவர். பெண் பிள்ளைக்கு மிதிக்கத் தைரியம் போதாது என்று ஒருவர் ஆரம்பித்தார். அவரை நான் அனுப்பி வைத்த விதத்தில் அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கமே வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் மிதித்தாள். முட்டி நடுங்குகிற அளவுக்கு மிதித்தாள்.

ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்தியது. கார்புரேட்டரில் மெயின் ஜெட் என்று ஒன்று உண்டு. முழு வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பது அந்தச் சின்னத் துளையின் கணக்கு. பெரிசு போட்டேன், சிறிசு போட்டேன், பக்கத்து டீமில் கேட்டு வாங்கியும் போட்டேன். எதைப் போட்டாலும் வண்டி ஒரே மாதிரி ஓடியது. இந்தத் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் இதன் அர்த்தம் தெரியும். முழு வேகத்துக்கான துளையை மாற்றியும் மாற்றம் இல்லையென்றால், வண்டி முழுசாகத் திறக்கவே இல்லை. ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லி, கார்புரேட்டரின் வாயைக் குனிந்து பார்த்தால் தீர்ந்தது. அரை நிமிஷ வேலை. வேறு மெக்கானிக் பூட்டிய வண்டி என்றால் அதைத்தான் முதலில் பார்ப்பேன். இதில் ஒன்பது நாளும் பார்க்கவில்லை. பார்த்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வண்டி எழாமலே போய், சீட்டு வேறு ஆளுக்குப் போய், அந்தப் பிள்ளை பத்திரமாக வீட்டில் உட்கார்ந்தால் நல்லதுதானே என்று ஒரு நினைப்பு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வருத்தப்பட்டு ஹெல்மெட்டைக் கழற்றும்போதெல்லாம் பாவமாக இருக்கும், அடியில் கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கும். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று என்னையே திட்டிக்கொள்வேன். திட்டிவிட்டு மறுபடி ரீட் வால்வைப் பிரிப்பேன்.

சனிக்கிழமை மத்தியானம். மறுநாள் தேர்வு. அம்மாவும் ட்ராக்குக்கு வந்திருந்தார். நான் இன்னொரு ரீட் வால்வு வாங்கி வர பக்கத்து டீமின் கூடாரத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால், எங்கள் கூடாரத்தில் அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஆக்சிலேட்டர் பெடலை அழுத்திப் பிடித்திருக்கிறார். மகள் காற்றுப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, போன் வெளிச்சத்தில் கார்புரேட்டருக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“ண்ணா, இங்க வந்து பாருங்க.”

பார்த்தேன். பெடலை மிதித்தால் மேலே ஏறி முழுசாக மறைய வேண்டிய தகடு, கால் பங்கு கீழே தொங்கிக்கொண்டிருந்தது. வாய் முக்கால்தான் திறந்திருந்தது.

“பெடல் அதுக்கு மேல போகலீங்க. எதுலயோ முட்டுது.”

அவள் முன்னால் குனிந்து பார்த்தாள். பெடல் ஓர் அளவுக்கு மேல் போய் கேபிளை இழுத்து அறுத்துவிடாமல் இருக்க, எதிரே ஒரு தடுப்பு போல்ட் இருக்கும். அதை நீட்டி வைத்தால் பெடல் சீக்கிரமே முட்டி நின்றுவிடும். அந்த போல்ட்டை யாரோ நீட்டி வைத்திருந்தார்கள். யாரென்று கேட்கவே வேண்டியதில்லை. ஒரு போல்ட்டை முறுக்கினால், அதன் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பது என் பழக்கம். தானாக நெகிழ்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். ட்ராக்கில் எல்லாரும் அதை என் கையெழுத்து என்பார்கள். அந்தத் தடுப்பு போல்ட்டின் நட்டைச் சுற்றி மஞ்சள் கோடுகள். ஒன்றல்ல, இரண்டல்ல. ஒரு நாளைக்கு ஒன்று.

காலையில் வந்ததும் அந்த போல்ட்டைத் தொட்டுப் பார்ப்பேன், அது ஞாபகம் இருந்தது. கேபிளுக்கு இழுவை அதிகமோ என்று அரைச்சுற்று நீட்டுவேன், அதுவும் ஞாபகம் இருந்தது. முன்பே நீட்டியிருந்ததோடு ஒன்பது அரைச்சுற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. ஏறவில்லையா, ஏற விடவில்லையா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

“ஏனுங்ண்ணா இப்பிடிச் செஞ்சீங்க?” என்றாள். ட்ராக்கில் வேறு வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா பெடலிலிருந்து கையை எடுக்கவில்லை.

நான் டூல் பாக்ஸின் மேல்தட்டைத் தூக்கி, அடியில் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தேன். ஆறு வருஷமாக அது அங்கேதான் கிடந்தது. பையனுடைய கார்ட்டின் ஆக்சிலேட்டர் கேபிள்.

“அன்னிக்குக் காலைல பாத்தேனுங்க்கா. கேபிள்ல ஒரு இழை அறுந்து நீட்டிக்கிட்டு இருந்துது. மாத்தோணும்னு தெரியும். இன்னும் ஒரு ஓட்டம் தாங்கும்னு உட்டுப்போட்டேன். அந்த இழை மடங்கி உறைக்குள்ள சிக்கிக்கிச்சு. தம்பி கால எடுத்தும் எஞ்சின் மூடல. அவன் பிரேக் புடிச்சிருக்கான். எஞ்சின் தள்ளிக்கிட்டே இருந்தா பிரேக் என்னங்க பண்ணும்? வண்டியப் பிரிக்கறப்ப நான்தான் இதக் கழட்டி எடுத்து வெச்சுக்கிட்டேன். ஆருகிட்டயும் சொல்லலீங்க.”

என் குரலை அவ்வளவு கேவலமாக நான் கேட்டதில்லை. அம்மா கேபிளை எடுத்து, நூலைப் பார்க்கிறவர் பார்க்கிற மாதிரி விரலில் உருட்டி, அறுந்த இழையைக் கண்டுபிடித்தார்.

“எங்க தறீல ஊடை நூல் ஒரு இழை அறுந்தாலே தறி தானா நின்னுருமுங்க,” என்றார். “உங்க வண்டி நிக்கலியே.”

அப்போதுதான் அழுதேன். நாற்பத்தாறு வயசு ஆம்பிளை, கை நிறைய கிரீஸ், மூக்கைத் துடைக்கக்கூட வழியில்லை.

“எம்பட பேரச் சொல்லித்தானுங்களே மொளகா அரைச்சீங்க? அந்த மாசத்துலருந்து கை மரத்துப்போச்சுங்க.”

“ஆமாங்க.” கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. “ஆனா கை போகோணும்னு அரைக்கலீங்க தம்பி. வாய் தொறக்கோணும்னு அரைச்சேன். உங்களுக்கு என்னமோ தெரியும்னு எனக்குத் தெரியும். பையனக் கெடத்தியிருந்தப்ப எல்லாரும் எம்மூஞ்சியப் பாத்தாங்க, நீங்க மட்டும் பாக்கல. அவன் மேலதான் தப்புன்னு எழுதிப்போட்டாங்க. சொந்தக்காரங்க வந்து, பையனுக்கு நிதானம் பத்தலைன்னு எங்கிட்டயே சொன்னாங்க. ஆறு வருசமா அவன் மேலதானுங்க தப்பு இருந்துது.”

மகள் எழுந்து கம்பி வேலி வரைக்கும் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.  திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

“நானும் அப்பிடித்தான் நெனச்சுட்டு இருந்தேன். அண்ணன் செஞ்ச தப்ப நான் செஞ்சிறக் கூடாதுன்னு, அந்தப் பலகைக்கு முன்னாலயே காலை எடுத்துருவேன். ஒவ்வொரு தடவையும்.”

“அம்மணி, வேற நல்ல ஆளாப் பாத்து உட்டறேன். எம்பட கை இந்த வண்டிக்கு வேண்டாம்.”

“நாளைக்குத் தேர்வ வெச்சுக்கிட்டு ஆளுக்கு எங்க போறது?” என்றாள். “முழுசாத் தொறந்து உடுங்க. உங்க மேல கோவம் இருக்குது, நெறையா இருக்குது. அத அப்பறமா வெச்சுக்கறேன்.”

அம்மா மறுபடி பெடலில் கையை வைத்தார்.

போல்ட்டை உள்ளே திருகினேன். கேபிள் புதிதாகத்தான் இருந்தது. ஆனாலும் அதைக் கழற்றிவிட்டு, பாக்கெட் பிரிக்காத இன்னொன்றைப் போட்டேன். அம்மா அழுத்தினார், தகடு முழுசாக ஏறி மறைந்தது. விட்டார், டக்கென்று விழுந்தது. இன்னொருக்கா என்றார். அழுத்தினார், விட்டார். இருபது தடவையாவது இருக்கும். ஒவ்வொரு முறையும் அந்த டக் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். கடைசியில் நான் மஞ்சள் கோடு இழுத்தேன். விரல் மரத்திருந்ததால் கோடு கோணலாகப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வேலி ஓரம் நானும் அந்த அம்மாவும் நின்றோம்.

“எந்த எடத்துல சத்தம் எறங்கோணும்?”

வெள்ளைப் பலகையைக் காட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மகள் வார்ம்-அப் சுற்று முடித்து, கடைசி வளைவிலிருந்து நேர்ப்பாதைக்கு வந்து மிதித்தாள். கார்ட் எழுந்தது. அந்தச் சத்தத்தை, மேலே மேலே ஏறிக் கம்பி மாதிரி மெலிந்து போகிற அந்த உச்சத்தை, ஆறு வருஷமாக என் பட்டறையிலிருந்து போன எந்த எஞ்சினிலும் நான் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எத்தனை வண்டிகளில் அரைச்சுற்று, கால் சுற்று என்று நீட்டி அனுப்பினேனோ, யாருக்குத் தெரியும்.

“ஏனுங்க்கா, இத்தன மெக்கானிக் இருக்கறப்ப எங்கிட்ட எதுக்குங்க குடுத்தீங்க?” என்று கேட்டேன். பயத்தில் ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது.

“என்னைய விட இவளுக்காகப் பயப்படற ஆளு நீங்க ஒருத்தர்தானுங்களே,” என்றார், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் பலகையை நெருங்கினாள். இதுவரைக்கும் காலை எடுத்த இடத்தைத் தாண்டினாள். எடுக்கவில்லை. அம்மாவின் கை வேலிக் கம்பியை இறுக்கியது. பலகை வந்தது. சத்தம் இறங்கியது.

சீட்டு அவளுக்குத்தான் கிடைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா என்னையும் ஆனைமலைக்குக் கூப்பிட்டார். எண்ணெயை அவர் ஊற்றினார், நான் பக்கத்தில் நின்றேன். பையனின் மேல் இருந்த தப்பை என் மேல் மாற்றி எழுதச் சொல்லி, அன்று ரிப்போர்ட் எழுதியவர்களிடம் அந்தக் கேபிளோடு நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு என்ன வருமோ வரட்டும். மகளின் கோபம் இன்னும் தீரவில்லை. வேலை விஷயம் தவிர என்னிடம் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

சீசன் நடந்துகொண்டிருக்கிறது. அவள் ஓட்டுகிற நாளெல்லாம், எந்த ஊர் ட்ராக்காக இருந்தாலும், நேர்ப்பாதை முடிகிற இடத்தில் போய் நிற்கிறேன். சத்தம் ஏறுகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் இறங்குகிறது. மூச்சு விடுகிறேன். அதற்குள் அவள் அடுத்த சுற்றுக்கு வந்துவிடுகிறாள்.